ரூஃபிங் ஷீட் மெஷின்: பழசு எடுக்கலாமா, புதுசு போடலாமா, இல்ல ஜாப் ஒர்க்கே போதுமா?

ஷீட் கடை வச்சிருக்கவங்க, ஷெட் கான்ட்ராக்ட் எடுக்கறவங்க ரெண்டு பேருக்கும் வியாபாரம் கொஞ்சம் சூடு பிடிச்சதும் வர்ற யோசனை இது. வெளிய ஷீட் வாங்கி வித்துட்டே இருக்கோமே, நாமளே ஒரு ரோல் ஃபார்மிங் மெஷின் (தகட்டை ரோலர் வழியா விட்டு ஷீட்டா மடிக்கற மெஷின்) போட்டா என்னன்னு. அங்கதான் குழப்பம் ஆரம்பிக்கும், ஒருத்தர் பழசு பாதி விலைக்கு வருது எடுங்கன்னுவார், இன்னொருத்தர் சைனாவுல இருந்து புதுசே அந்த விலைக்கு இறக்கலாம்னுவார், ஆடிட்டர் மானியம் வேணும்னா புதுசுதான்னுவார், வீட்ல இதெல்லாம் இப்ப தேவையான்னு கேப்பாங்க. எல்லாருமே அவங்கவங்க இடத்துல சரியாத்தான் சொல்றாங்க, அதான் பிரச்சனை.

இங்க நான் பேசறது நம்ம ஊர்ல சாதாரணமா ஓடுற மெஷின் பத்தி மட்டும். 1220 எம்எம் அகல காயில் (சுருட்டின தகடு) உள்ள போய் ஏறக்குறைய 1000 எம்எம் கவரிங் (கூரைல மூடற அகலம்) உள்ள, மேடும் பள்ளமுமா மடிச்ச டிரெப்பிசாய்ட் ஷீட்டா வெளிய வர்றது, தகடு கனம் 0.35-ல இருந்து 0.60 எம்எம் வரைக்கும். சி, இசட் பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்கற குறுக்குச் சட்டம்) மெஷினும் டெக் ஷீட் (கான்கிரீட் தளத்துக்கு அடில போடறது) மெஷினும் வேற கதை, அதுல தகடு கனம், மோட்டார், ஷாஃப்ட் எல்லாமே வேற லெவல்.

முதல்ல எதை வச்சு எடை போடறது

எல்லாரும் விலைல ஆரம்பிக்கறாங்க. நான் டன்ல ஆரம்பிக்க சொல்வேன். மாசத்துக்கு நீங்க எத்தனை டன் ஷீட் விக்கறீங்க? ஒரு சின்ன கணக்கு போடுங்க, 0.5 எம்எம் காயில் ஒரு மீட்டர் கிட்டத்தட்ட 4.8 கிலோ. நிமிஷத்துக்கு 12 மீட்டர் ஓடுற சுமாரான மெஷின் 8 மணி நேரத்துல பாதி நேரம் மட்டும் ஓடுச்சுன்னு வச்சாலும் 2,880 மீட்டர், அதாவது 13 டன்னுக்கு மேல. ஒரே நாள்ல! தாலுகா டவுன்ல கடை வச்சிருக்க பலருக்கு அது ரெண்டு வார வியாபாரம். அதனால நிமிஷத்துக்கு 30 மீட்டர் ஓடும்னு சேல்ஸ்மேன் சொன்னா தலையாட்டிட்டு விட்ருங்க, அந்த வேகத்துக்கு காசு குடுக்க வேண்டாம்.

ரெண்டாவது ப்ரொஃபைல், அதாவது ஷீட்டோட மடிப்பு வடிவம். உங்க ஏரியால எந்த ரிப் (மடிப்பு மேடு) அளவு ஓடுதோ அதே வரணும். பழைய ஷெட்ல ரெண்டு ஷீட் உடைஞ்சு மாத்த வர்ற கஸ்டமர் ஓவர்லேப் உக்காரலைன்னா திருப்பி அனுப்பிடுவார். மூணாவது கிரேடு, இதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல. இப்ப மார்க்கெட்ல ஓடுற கலர் கோட்டட் கால்வல்யூம் ஷீட் (அலுமினியம்-துத்தநாகக் கலவை பூசினது) பெரும்பாலும் 550 எம்பிஏ கிரேடு (தகட்டோட வலிமை அளவு), தகடு மெல்லிசா இருந்தாலும் ஸ்பிரிங் மாதிரி முறுக்கா நிக்கும். சாஃப்ட் ஜிஐ (துத்தநாகம் மட்டும் பூசின) தகடுக்குன்னு 12 ஸ்டாண்டோட (ரோலர் ஜோடி வரிசை) செஞ்ச பழைய மெஷின்ல இதை விட்டா ரிப் சரியா மடங்காம விரிஞ்சு வெளிய வரும்.

அப்புறம்தான் விலை. அதுவும் மெஷின் விலை இல்ல, விக்கற மாதிரி முதல் ஷீட் வெளிய வர்ற வரைக்கும் ஆகற மொத்த செலவு. அதோட லோன், மானியம் கிடைக்குமா, ரிப்பேர்னா யார் வருவா, நாளைக்கு வித்தா என்ன வரும்.

புது இந்திய மெஷின்

அகமதாபாத், டெல்லி சுத்துப்பட்டு, பஞ்சாப், ஹைதராபாத் பக்கமெல்லாம் செய்றாங்க, நம்ம கோயம்புத்தூர், சென்னைலயும் ஆள் இருக்காங்க. இதுல பெரிய பலம் ரெண்டு. ஒண்ணு, உங்க ஊர் ப்ரொஃபைல் சாம்பிளை குடுத்து அதே மாதிரி ரோலர் அடிச்சு வாங்கலாம். இன்னொண்ணு, பேங்க் லோன் சுலபம், மாவட்ட தொழில் மையம் வழியா வர்ற மானியத் திட்டங்கள் புது மெஷினுக்குத்தான். தமிழ்நாட்டோட மூலதன மானியத்துல செகண்ட் ஹேண்ட் மெஷினரி கணக்குலயே வராது. தமிழ்நாடு அரசு புது தொழில்முனைவோருக்குக் குடுக்கற நீட்ஸ் மாதிரி திட்டத்துல 25 சதவீதம் மானியம்னா பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல நீங்க பார்த்த வித்தியாசத்துல பெரிய துண்டு அங்கேயே கரைஞ்சிடும். ஆனா மானியம் கைக்கு வர்ற நாளை நம்பி சப்ளையருக்கு பேலன்ஸ் தேதி குடுத்துடாதீங்க.

மறைஞ்சிருக்க செலவு என்னன்னா நேரம். டெலிவரி 3 மாசம்னு சொன்னா மனசுல 5 மாசம்னு போட்டுக்கங்க, அதுவரைக்கும் அட்வான்ஸ் பணம் அங்க தூங்கும். கொட்டேஷன்ல டீகாயிலர் (காயிலை மாட்டி அவிழ்க்கற அமைப்பு) எத்தனை டன்னு பாருங்க, விலை கம்மியா காட்ட 3 டன் மேனுவல் டீகாயிலரை போட்டுருப்பாங்க, உங்களுக்கு வர்ற காயில் 5 டன்னா இருக்கும். ரன் அவுட் டேபிள் (வெளிய வர்ற ஷீட்டைத் தாங்கற மேசை), ஸ்பேர் பிளேடு, கமிஷனிங்குக்கு (மெஷினை நிறுத்தி ஓட வச்சுக் குடுக்க) வர்ற ஆளுக்கு ரூம், சாப்பாடு இதெல்லாமும் யார் தலைலன்னு எழுதி வாங்கிடுங்க.

புது சைனா மெஷின்

ஹெபெய் மாகாணத்துல பொடோன்னு ஒரு ஊரு, ரோல் ஃபார்மிங் மெஷினுக்கே பேர் போனது. ஷியாமென், வூஷி பக்கமும் செய்றாங்க, அங்க பொதுவா வேலை கொஞ்சம் நேர்த்தி, விலையும் கூட. பார்க்கற விலை எஃப்ஓபி விலை, அதாவது அவங்க துறைமுகத்துல ஏத்தற வரைக்கும்தான். அதுக்கு மேல கப்பல் வாடகை, இன்சூரன்ஸ், பேசிக் டூட்டி, அந்த டூட்டி மேல 10 சதவீதம் சர்சார்ஜ், எல்லாம் சேர்த்த தொகை மேல 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி), ஏஜென்ட் சார்ஜ், சென்னை இல்ல தூத்துக்குடியில இருந்து உங்க ஷெட் வரைக்கும் வண்டி. ஐஜிஎஸ்டி கிரெடிட்டா திரும்பி வந்துடும், ஆனா கிளியரன்ஸ் அன்னிக்கு கைல இருக்கணும்ல. 2024-ல மத்திய அரசு மெஷினரி சேஃப்டி ஆர்டர் வேற கொண்டு வந்தாங்க, அமலுக்கு வர்ற தேதிய தள்ளி வச்சாங்க, அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடியே அது இப்ப எந்த நிலைல இருக்கு, உங்க மெஷினோட கஸ்டம்ஸ் கோடு நம்பர் அதுல மாட்டுதான்னு கஸ்டம்ஸ் ஏஜென்ட்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க.

ஆர்டர்லயே 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்னு போடணும். அங்க 380 வோல்ட், அந்த மோட்டார் இங்க ஓடத்தான் செய்யும், ஆனா நம்ம லைன்ல வோல்டேஜ் ஏறும்போது சூடாகும். பிஎல்சி (மெஷினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர்) டெல்டாவோ மிட்சுபிஷியோ சீமென்ஸோ கேளுங்க, பேர் தெரியாத போர்டு வந்தா அது போற அன்னிக்கு மொத்த பேனலையும் மாத்தணும். 2020-க்கு அப்புறம் பல வருஷம் அங்கேருந்து இன்ஜினியர் வர்றதே விசா இழுபறில மாட்டுச்சு, வீடியோ கால்லயே கமிஷனிங் முடிச்ச மெஷின் நிறைய. உங்ககிட்ட நல்ல ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் இருந்தா இது லாபம், இல்லைன்னா வேண்டாம்.

வேற வேற ரெண்டு ப்ரொஃபைல் ஒரே மெஷின்ல மேலயும் கீழயுமா வர்ற டபுள் டெக்கர் இதுல பிரபலம். இடம் மிச்சம்தான். கீழ் அடுக்குல செட்டிங் பண்ண குனிஞ்சு நிக்கற ஆளைக் கேட்டா மிச்சக் கதை சொல்வார்.

உள்ளூர் பழைய மெஷின்

இதுக்குத்தான் நிறைய கேள்வி வருது, கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

பழைய மெஷின்ல நீங்க காசு குடுக்கறது ரோலருக்கும் ஷாஃப்ட்டுக்கும்தான். மோட்டார், ஹைட்ராலிக் பம்ப், பேனல், செயின் எல்லாம் காசு போட்டா கடைல கிடைக்கும். எந்த வருஷ மெஷின்னு கேக்கறதுல பெரிய பிரயோஜனம் இல்ல, 10 வருஷம் பழசானாலும் ஒரே ஷிஃப்ட்ல நல்ல கலர் காயில் மட்டும் ஓடினது, 3 வருஷமே ஆனாலும் துரு ஏறின ஜிஐ காயிலையும் 0.8 தகடையும் போட்டு மிதிச்சதை விட எவ்வளவோ மேல்.

பார்க்கப் போறப்ப மெஷின் நின்னுட்டு இருந்தா பேசவே ஆரம்பிக்காதீங்க. ஓட்டிக் காட்டணும், உங்க கண் முன்னாடி, முடிஞ்சா நீங்க கொண்டு போற காயில்ல, அதுவும் 550 கிரேடுல. கார்டு ஃபிலிம் (பெயின்ட்டைக் காக்கற பிளாஸ்டிக் தாள்) ஒட்டின காயில்ல ஓட்டிக் காட்டினா ஃபிலிமை உரிச்சுட்டு ஓட்டச் சொல்லுங்க, ஃபிலிம் இருந்தா கீறல் தெரியாது. வெளிய வர்ற ஷீட்டை டியூப் லைட்டுக்கு சாய்ச்சு பிடிச்சு ரிப் ஓரமா கண்ணை ஓட்டுங்க. நீளத்துக்கும் ஒரே இடத்துல கோடு போகுதுன்னா அந்த ஸ்டாண்டுல ரோலரோட ஹார்ட் குரோம் உரிஞ்சிருக்கு. பெயின்ட் போன ஷீட் நாளாக ஆக அந்தக் கோட்டுலதான் துரு பிடிக்கும், கஸ்டமர் போன் உங்களுக்குத்தான் வரும்.

அடுத்து 3 மீட்டர்னு செட் பண்ணி 10 ஷீட் அடிங்க. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி ஒரு முனைய சுவத்துல முட்ட வச்சு மறு முனையப் பாருங்க, படிக்கட்டு மாதிரி நின்னா என்கோடர் வீல் (நீளம் அளக்கற சக்கரம்) வழுக்குது இல்ல பிரேக் சரியில்ல. இது சின்ன செலவு, விலை குறைக்க பேசலாம். தரைல போட்டு நூல் பிடிச்சா ஷீட் ஒரு பக்கமா வில் மாதிரி வளையுதா, முறுக்குதான்னு தெரியும். லேசா இருந்தா செட்டிங்ல சரியாகும், எவ்வளவு திருகியும் போகலைன்னா ஷாஃப்ட் வளைஞ்சிருக்கலாம், அப்ப டயல் கேஜ் வச்சுப் பார்க்காம நகராதீங்க. கடைசியா முதல் ஷீட்டையும் பத்தாவது ஷீட்டையும் ஒரே திசைல பக்கத்துல வச்சு ஓவர்லேப் போட்டுப் பாருங்க, இடைவெளி விட்டு உக்காந்தா ரெண்டு பக்கமும் ரிப் உயரம் ஒண்ணா இல்ல. வெட்டின முனை கொஞ்சம் விரியறது ரோல் ஃபார்மிங்குல சகஜம்தான், அதுக்கு பயப்பட வேண்டாம், ரிப் வடிவமே கலைஞ்சு போற அளவுக்கு விரிஞ்சாதான் பிளேடு சந்தேகம்.

ரோலர் ரெண்டு மூணு மட்டும் போயிருக்கு, கடைஞ்சு குரோம் பூசிக்கலாம்னு விக்கறவர் சொல்வார். ஒண்ணை மட்டும் கடைஞ்சா விட்டம் குறையும், ரோலர் மேற்பரப்போட வேகம் பக்கத்து ரோலரோட ஒத்துப் போகாது, புதுசா வேற இடத்துல கீறும். செட்டா கழட்டி செட்டாத்தான் பண்ணணும். 18 ஸ்டாண்டுன்னா மேலயும் கீழயுமா 36 ஷாஃப்ட், ஒவ்வொண்ணுலயும் அஞ்சாறு ரோலர், மனசுக்குள்ள பெருக்கிப் பார்த்துக்கங்க.

பேப்பர் விஷயம். மெஷின் மேல பேங்க் ஹைப்போதிகேஷன் (லோன் அடமானம்) இருக்கான்னு கேளுங்க, இருந்தா என்ஓசி (பேங்க் தர்ற ஆட்சேபனை இல்லாக் கடிதம்) வாங்காம தூக்கற ஹைட்ரா கிரேனைக் கூப்பிடாதீங்க. ஒரிஜினல் பில், ரோலர் டிராயிங், பிஎல்சி ப்ரோக்ராம் பேக்கப், பாஸ்வேர்டு நாலும் கைக்கு வரணும். பில் இல்லாம கேஷ்ல குறைச்சுத் தர்றேன்னு ஆஃபர் வரும், கணக்கு போட்டா அது குறைச்சலே இல்ல: 10 லட்ச ரூபா மெஷினுக்கு பில் போட்டா 1.80 லட்சம் ஜிஎஸ்டி கிரெடிட்டா திரும்ப வரும், தேய்மானம் எழுதலாம், இ-வே பில்லோட வண்டி வரும். கேஷ்ல வாங்கினா தேய்மானமும் போச்சு, 2 லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கின விக்கறவர் மாட்டினா வாங்கின அளவுக்கே அபராதம், அப்ப அவர் யார் பேரைச் சொல்வார்?

செலவுல விட்டுப் போறது இது: கழட்டற ஆள் கூலி, ரெண்டு பக்கமும் ஹைட்ரா, நீள டிரெய்லர், ஃபவுண்டேஷன், கேபிள், ஹைட்ராலிக் ஆயில் முழுசா மாத்தறது, பேரிங், பிளேடு சாணை. அப்புறம் செட்டிங் ஷீட், 100 மீட்டர் ஓட்டினாலே 480 கிலோ தகடு ஸ்கிராப். என் கணக்கு, பேசின விலைக்கு மேல 25, 30 சதவீதம் தனியா எடுத்து வைக்க முடியலைன்னா பழைய மெஷின் பக்கம் போகவே கூடாது.

எங்க வாங்கறதுங்கறதுலயும் வித்தியாசம் இருக்கு. ஓட்டிட்டு இருக்கற ஓனர்கிட்ட நேரா வாங்கறது முதல் சாய்ஸ், ஏன் விக்கறார்னு தெரிஞ்சுக்கலாம், பழைய ஆபரேட்டர் நம்பர் வாங்கி ஒரு வாரம் கூட வச்சுக்கலாம். டீலர் யார்டுல கழட்டிப் போட்டிருக்க மெஷினுக்கு புது பெயின்ட் அடிச்சிருப்பாங்க, பெயின்ட் ஷீட்டை ஓட்டாது. பேங்க் ஏலம் விலை ரொம்ப கம்மியா போகும், ஆனா இருக்கற இடத்துல இருக்கற நிலைல எடுத்துக்கோன்னு கண்டிஷன், ஓட்டிப் பார்க்க கரன்ட்டே இருக்காது, பேனல்ல காப்பர் ஒயர் இருந்தா அதிர்ஷ்டம். ரோலர் ஸ்டாண்டை மட்டும் விலை போட்டு மிச்சம் எல்லாம் பூஜ்யம்னு நினைச்சு கேக்கறவங்களுக்கு மட்டும்தான் ஏலம் கட்டும்.

வெளிநாட்டு பழைய மெஷின்

சுருக்கமா சொல்றேன், முதல் மெஷினா இதை எடுக்க வேண்டாம். செகண்ட் ஹேண்ட் கேபிடல் கூட்ஸ் இறக்குமதிக்கு பொதுவா லைசென்ஸ் தேவையில்லதான், ஆனா சார்ட்டர்டு இன்ஜினியர் ரிப்போர்ட் வேணும், கஸ்டம்ஸ் உங்க பில் விலைய அப்படியே எடுத்துக்கணும்னு இல்ல, புதுசா இருந்தப்ப என்ன விலைன்னு அதுல இருந்து கழிச்சு வருவாங்க. அமெரிக்கா மெஷின்னா 460 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், இங்க நேரா குடுத்தா மோட்டார் ஆறுல ஒரு பங்கு மெதுவா ஓடும், பேரிங், போல்ட் எல்லாம் இன்ச் சைஸ். அங்க ஓடுற ப்ரொஃபைலும் நம்ம ஊர்ல ஓடாது. ஷாஃப்ட், ஃப்ரேம் எல்லாம் யானை மாதிரி இருக்கும், அது உண்மை. பர்லின், டெக் ஷீட்னு கனமான வேலைக்கு, ஏற்கனவே டூல் ரூம் வச்சிருக்கவங்க எடுத்தா அதுல அர்த்தம் இருக்கு.

வாங்காம ஜாப் ஒர்க்

உங்க காயிலை சலான் போட்டு மெஷின் வச்சிருக்கவர்கிட்ட அனுப்பி கூலிக்கு அடிச்சு வாங்கறது. மெஷின் காசு, ஆபரேட்டர் சம்பளம், ஈபி எதுவும் இல்ல. குறை என்னன்னா சீசன்ல அவர் வேலை முடிஞ்சுதான் உங்க வேலை, போக வர வண்டி வாடகை, ஷீட் மடங்கினா யார் பொறுப்புங்கற சண்டை, அப்புறம் உங்க கஸ்டமர் யாருன்னு அவருக்குத் தெரிஞ்சு போறது.

கணக்கு எளிசு. மாசம் ஜாப் ஒர்க் கூலியும் அதுக்கான வண்டி வாடகையும் எவ்வளவு போகுதுன்னு எழுதுங்க. மெஷின் போட்டா இஎம்ஐ, ஆபரேட்டர், ஹெல்ப்பர், கரன்ட், ஷெட் வாடகை எவ்வளவுன்னு பக்கத்துல எழுதுங்க. முதல் தொகை ரெண்டாவதை ஆறு மாசம் தொடர்ந்து தாண்டற வரைக்கும் ஜாப் ஒர்க்தான் சரி. காயில்ல முடங்கற காசையும் மறக்காதீங்க, மெஷின் போட்டுட்டா கஸ்டமர் நாலு கலர், மூணு கனம் எதிர்பார்ப்பார், 5 டன் காயிலா அதை ஸ்டாக் வைக்க மெஷின் விலைய விட கூட ஆகும். பழசு வாங்கி மிச்சம் பிடிச்ச காசு காயிலுக்குப் போகுதுன்னா அதுதான் பழசு வாங்கறதுக்கு நான் ஏத்துக்கற ஒரே நல்ல காரணம்.

| | புது இந்தியா | புது சைனா | உள்ளூர் பழசு | ஜாப் ஒர்க் |
|---|---|---|---|---|
| ஆரம்பிக்க நேரம் | மாசக்கணக்கு | மாசக்கணக்கு, கிளியரன்ஸ் தனி | சில வாரம் | உடனே |
| மானியம், லோன் | சுலபம் | லோன் கிடைக்கும், மானியத்துக்கு முன்கூட்டியே கேக்கணும் | மானியம் இல்ல, லோன் கஷ்டம் | தேவையில்ல |
| ப்ரொஃபைல் | கேட்ட மாதிரி | டிராயிங் குடுத்தா வரும் | இருக்கறதுதான் | அவர்கிட்ட இருக்கறதுதான் |
| மறைஞ்ச செலவு | அட்வான்ஸ் முடக்கம் | கப்பல்ல இருந்து ஷெட் வரைக்கும் | ரோலர், ஷிஃப்டிங் | வண்டி வாடகை, காத்திருப்பு |
| யாருக்கு | முதல் தடவை, மானியம் எடுக்கறவங்க | சொந்த ஃபிட்டர் இருக்கவங்க | மெஷின் ஓட்டின அனுபவம் உள்ளவங்க | டன் குறைவா இருக்கவங்க |

விக்கறவங்களுக்கு

விக்கறதுலயும் மூணு வழி. நேரா இன்னொரு ஓட்டறவருக்கு வித்தா நல்ல விலை, ஆனா மாசக்கணக்கா ஆள் வந்து பார்த்துட்டே போவாங்க, ஒவ்வொருத்தருக்கும் காயில் ஏத்தி ஓட்டிக் காட்டணும். டீலர் ஒரே வாரத்துல தூக்கிடுவார், விலைய அடிச்சு. புது மெஷின் செய்ற கம்பெனிகிட்ட எக்ஸ்சேஞ்ச் போட்டா நடுத்தரம், ஆனா புது மெஷின் விலைல அதை ஏத்தி வச்சிருக்காங்களான்னு எக்ஸ்சேஞ்ச் இல்லாம ஒரு கொட்டேஷன் தனியா வாங்கிப் பார்த்துடுங்க. மெஷின் இன்னும் லைன்ல ஓடிட்டு இருக்கும்போதே விலைக்குப் போடறதுதான் புத்திசாலித்தனம், கழட்டி மூலைல போட்ட மெஷினுக்கு யாரும் ஓட்டற மெஷின் விலை தர மாட்டாங்க.

ஜிஎஸ்டி ஒரு இடத்துல கடிக்கும். வாங்கறப்ப இன்புட் கிரெடிட் எடுத்திருந்தா, விக்கறப்ப ரெண்டு தொகைல எது அதிகமோ அதைக் கட்டணும்: விக்கற விலைக்கு வர்ற வரி ஒண்ணு, எடுத்த கிரெடிட்ல காலாண்டுக்கு 5 சதவீதம் கழிச்சு மிச்சம் நிக்கறது இன்னொண்ணு. 15 லட்சத்துக்கு வாங்கி 2.70 லட்சம் கிரெடிட் எடுத்தீங்க, 3 வருஷத்துல, அதாவது 12 காலாண்டுல 60 சதவீதம் கழிஞ்சு 1.08 லட்சம் நிக்கும். மெஷினை 5 லட்சத்துக்கு வித்தா அதுக்கு வரி 90,000தான், ஆனா நீங்க கட்ட வேண்டியது 1.08 லட்சம். அந்த 18,000 உங்க கைக்காசு. 5 வருஷம் முடிஞ்சிருந்தா அந்த மிச்ச கிரெடிட் பூஜ்யம், வித்த விலைக்கு வரி மட்டும்தான். நாலரை வருஷத்துல இருக்கற மெஷினை அடிமாட்டு விலைக்குத் தள்ள நினைக்கறவங்க விலை பேசி முடிக்கறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட வாங்கின பில் தேதிய காட்டிடுங்க.